மாவு மேசையில் படித்த கடிதம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. வழக்கம் போல, மாவு உப்பி வரக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் மாவு மேசைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். அப்பா மேசை ஓரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்று கேட்டார். மாப்பிள்ளை உன்னை விட இரண்டு அங்குலம் குட்டை என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் அப்பா கண்ணைத் திறக்காமலே, "அதனால என்ன, ஸ்டூல் போட்டுக்கலாம்" என்றார். முதலாளி சிரித்த சிரிப்பில், ரொட்டி வாங்க வந்து நின்றவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேற்பை மட்டும் நம் ஊரில் வைக்கலாம், அறுபது பேர் வருவார்கள், கையில் அதிகம் இல்லை, ஏதாவது வழி பார் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மூன்று நாளாக மனத்துக்குள்ளேயே வைத்திருந்து, நேற்றுதான் முதலாளியிடம் சொன்னேன். சொன்னேன் என்றால், ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாவில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

வரவேற்பை நம் பேக்கரியிலேயே வைத்துக்கொள்ளலாம். மார்ச் முதல் புதன்கிழமை. புதன் விடுமுறைதானே, அடுப்பு மூட்டமாட்டோம். முதலாளி உள்ளே வந்து, "வாடகை கேட்டா என் பொண்டாட்டி என்னை அடுப்புல வெச்சிடுவா. எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார். மாவு மூட்டைகளைப் பின்னறைக்கு மாற்றிவிடலாம். நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்தால் போதும், யாருக்கும் அடையாளம் தெரியாது. எதிர்க்கடைத் தையல்காரர் நாற்காலி தருகிறேன் என்றார். பன், பிஸ்கட், கேக் எல்லாம் அப்பா கை. சுவருக்கு நானும் அப்பாவும் சேர்ந்து வெள்ளை அடிப்போம்.

மேல் அறையில் இப்போதும் நான்தான் தூங்குகிறேன். அடுப்பின் புகைக்குழாய் போகும் சுவர் உனக்கு நினைவிருக்கிறதா? நம் மலையூர்க் குளிரில் இருவரும் காலைத் தூக்கி அதில் வைத்துக்கொண்டு தூங்குவோமே. நம் கால் பட்ட கறை இன்னும் இருக்கிறது. உன்னுடையது மேலே, என்னுடையது கீழே. இப்போது என் கால் உன் கறையையும் தாண்டிப் போகிறது. அடுப்பை அணைத்த பிறகும் ஒரு நாள் முழுக்க அந்தத் தரையில் சூடு இருக்கும். நீ வந்தால் அங்கேயே படுக்கலாம்.

சரி என்று ஒரு வரி எழுது. போனில் கூப்பிடாதே. கல்லாவில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

உன்,
பூனை


ஜனவரி 14

பூனைக்குட்டிக்கு,

உன் யோசனைக்கு நன்றி. ஆனால் பேக்கரி வேண்டாம். சின்னதாக இருந்தாலும் ஒரு மண்டபம் பார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒன்று இருக்குமே, அது போதும். பணம் பற்றி நீ கவலைப்படாதே, நான் அலுவலகத்தில் முன்பணம் கேட்கிறேன்.

ஏன் என்று கேட்காதே. அவர்கள் வீட்டில் பழக்கம் வேறு. அறுபது பேர் அடுப்புக்கு எதிரில் நின்றுகொண்டு டீ குடிப்பது நன்றாக இருக்காது.

முதலாளி மனம் நோகாமல் சொல்லிவிடு. அப்பா வெள்ளை அடிக்க ஏணியில் ஏற வேண்டாம், அவருக்கு முட்டி வலி.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபத்துக்குப் போனேன். நான் போனேன் என்பதை நீ நம்பமாட்டாய். வாசலில் மூன்று முறை முன்னும் பின்னும் நடந்தேன். நான்காவது முறை அங்கே உட்கார்ந்திருந்த மேலாளரே, "என்ன பாப்பா, செருப்பத் தொலைச்சிட்டியா?" என்று கூப்பிட்டார்.

"இல்லீங்க. மண்டபம்."

"யாருக்குக் கல்யாணம்? உனக்கா?"

எனக்கு வியர்த்துவிட்டது. அக்காவுக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். வாடகை ஒரு வரி. அதற்குக் கீழே விளக்குக்குத் தனி, கூட்டிப் பெருக்கத் தனி, நாற்காலிக்குத் தனி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் தனி. நான் போகட்டும் என்றுதான் இருந்தேன். அப்புறம் அவர், "சாப்பாடு எங்க ஆளுங்கதான் போடுவாங்க. வெளியில இருந்து ஒண்ணும் உள்ள வரக்கூடாது" என்றார்.

"கேக்கு எங்கப்பா செய்வாரு."

"கேக்கும்தான்."

அங்கேயே நின்றேன். அவர், "இன்னும் என்னம்மா?" என்றார். ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டேன்.

அக்கா, நீ சொன்னால் அந்த மண்டபத்தையே பேசிவிடுகிறேன். ஆனால் அங்கே வைத்தால் முன்பணம் எல்லாம் வாடகைக்கே போய்விடும். வருகிறவர்களுக்குத் தண்ணீர்தான் கொடுக்க முடியும். அதை விட, உன் கல்யாணத்தில் அப்பா இன்னொருவர் சுட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏன் என்று கேட்காதே என்று எழுதியிருந்தாய். நான் எப்போதாவது எதையாவது ஏன் என்று கேட்டிருக்கிறேனா? இந்த ஒரு முறை கேட்கிறேன்.

நீ எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது இந்த மேசையில்தான். அப்பா மாவு தூவி வைத்திருப்பார். நீ என் விரலைப் பிடித்து அதில் எழுதவைப்பாய். ஒரு வரி முடிவதற்குள் அப்பா வந்து உள்ளங்கையால் துடைத்துவிட்டு, "இது விக்கிறதுக்கு, படிக்கிறதுக்கு இல்ல" என்பார். மறுநாள் பார்த்தால் மேசையின் ஒரு மூலையில் மட்டும் நமக்கென்று தனியாக மாவு தூவியிருக்கும். அந்த மேசையைத்தான் வேண்டாம் என்கிறாயா?

பூனை


ஜனவரி 29

பூனைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மேசை பற்றி நீ எழுதியிருக்கவே வேண்டாம்.

சொல்லிவிடுகிறேன். போன வருடம் அவர் என்னை முதல் முறையாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய அம்மா நல்லவர்தான், ஆனால் கேள்வி கேட்கும்போது கண்ணை எடுக்காமல் பார்ப்பார். "அப்பா என்ன பண்றார்?" என்றார். "பேக்கரி" என்றேன். அது பொய் இல்லை. "சொந்தமாவா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை, தலை மட்டும் ஆடியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே, "கூடப் பிறந்தவங்க?" என்றார். தங்கை ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறாள் என்றேன். அதற்கு வாயையும் திறந்தேன்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. அந்த அம்மா போகிற இடமெல்லாம் மருமகளின் அப்பா பேக்கரி முதலாளி என்று சொல்லி வைத்திருக்கிறார். பேக்கரியில் வரவேற்பு வைத்தால், உள்ளே காலை வைத்த ஐந்தாவது நிமிடம் யாராவது "அடுப்புக்காரரே" என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள். மண்டபம் என்றால் அப்பா நல்ல சட்டை போட்டு நிற்பார். எதுவும் தெரியாது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் பெண்கள் மூக்கை உறிஞ்சி, "பன்னு வந்தாச்சுடி" என்பார்கள். தலைக்கு இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாசனை போகாது. மதியம் அப்பா எனக்கு சூடாக பன் கொண்டுவருவார். மாவு படிந்த கையோடு, அதே கால்சட்டையோடு கேட்டருகில் நிற்பார். ஒரு நாள் நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார், பூனை. பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி வாட்ச்மேனிடம் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வீட்டில், "பன்னு கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது இங்கே விடுதியில் காலையில் எழுந்ததும் முதலில் மூக்கு அந்த வாசனையைத்தான் தேடுகிறது. ஆறு வருடம் ஆகிறது. இங்கே என் போர்வையில் சோப்பு வாசனை மட்டும்தான்.

நான் கெட்டவள் என்று நினைத்துக்கொள். ஆனால் மண்டபம் பேசிவிடு.

அக்கா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மாவு மேசையில் சத்தமாகப் படிக்காதே. மேல் அறைக்குப் போய்த் தனியாகப் படி. அப்பாவிடம், மண்டபம் மாப்பிள்ளை வீட்டார் ஆசை என்று மட்டும் சொல்.


பிப்ரவரி 4

அக்கா,

சத்தமாகப் படிக்காதே என்று எழுதியிருந்தாய். நான்காம் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தாய். அதையும் சத்தமாகத்தான் படித்தேன்.

அப்பாவுக்கு எழுத்து மங்கி எத்தனை வருடம் ஆகிறது? உறையைப் பிரித்ததும் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? அந்தக் குறிப்பை முதல் பக்கத்தின் மேலே எழுதக் கூடாதா? நான் உன்னைப் போலக் கண்ணை முன்னால் ஓட்டிப் பார்த்துப் படிக்கிறவள் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்குப் பொருள் புரியும். "சொந்தமாவா" என்ற இடத்தில்தான் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. நிறுத்தினேன். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "நிறுத்தாத. படி" என்றார்.

முழுவதும் படித்தேன். தூணையும் வாட்ச்மேனையும்கூட. முதலாளி பாதியிலேயே கல்லாவுக்குப் போய்விட்டார், அங்கே யாரும் இல்லாதபோதும். முடிந்ததும் அப்பா மாவில் இரண்டு விரலை அழுத்திப் பார்த்தார். "உப்பிடுச்சு. வா, வெட்டலாம்" என்றார்.

மறுநாள் முதலாளியிடம் போய், "உங்க கோட்டை ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார். "கோட்டு மட்டும் எதுக்குய்யா? நாற்காலியையும் எடுத்துக்கோ. அன்னைக்கு நான் உன் ஏப்ரனைக் கட்டிக்கிறேன்."

"தட்டு தூக்குவீங்களா?"

"நீ அதட்டினா தூக்குறேன்."

"நீங்கன்னு கூப்பிடறதா, டேய்னு கூப்பிடறதா?"

"அதை அன்னைக்குப் பார்த்துக்கலாம். ரொம்ப ஆடாத."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அக்கா, அப்பா இப்போது தினமும் அரை மணி நேரம் முதலாளியாக இருக்கப் பழகுகிறார். மாவு உப்பும் நேரத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்காருகிறார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மேசையில் வைத்தால் விரல் தானாகவே உருட்ட ஆரம்பிக்கிறது. நேற்று ஒருவர் வந்து, "பன்னு எவ்வளவுங்க?" என்று கேட்டார். அப்பா விழித்தார். முப்பது வருடமாகச் சுடுகிறார், விலை தெரியாது. உள்ளே முதலாளி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போய் ஒரு தட்டு முழுவதையும் கரியாக்கிவிட்டார். கருகும் வாசனை வந்ததும் அப்பா பாதி எழுந்தார். அப்புறம் முதலாளி எழுந்து ஓடமாட்டார் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடி உட்கார்ந்துகொண்டார். அந்தத் தட்டு கருகி முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

"ஏன்பா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"அவ சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். ஒரு நாள் கோட்டு போட்டா நான் என்ன கொறஞ்சா போயிடப்போறேன்?"

என்னைப் பற்றியும் ஒன்று கேட்டுவிடுகிறேன். கல்லூரியில் படிக்கிறவளாக இருப்பது எனக்குச் சிரமம் இல்லை, நான்தான் பேசுவதே இல்லையே. ஆனால் என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் எதைச் சொல்ல? நீ எந்தப் பாடம் என்று சொல்லியிருக்கிறாய்?

அப்பாவின் கை வெந்த வருடம் நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றேன். உனக்கு அது கடைசி வருடத் தேர்வு. உன்னை யாரும் திரும்பி வரச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதை நான் ஒரு நாளும் தியாகம் என்று நினைத்ததில்லை. எனக்கு மாவு பிடித்திருந்தது. ஆனால் நீ அதை மறைக்க வேண்டிய ஒன்றாக நினைக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

மண்டபமா, பேக்கரியா, நீயே சொல். இரண்டுக்கும் அப்பா தயார்.

பூனை


பிப்ரவரி 12

பூனைக்கு,

கரிந்த தட்டைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே பேருந்தில் அவரிடம் சொல்லிவிட்டேன். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன். உட்கார இடம் கிடைத்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

அவருடைய நிறுத்தம் வந்தது, இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் அலுவலகத்தில் என் மேசைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "எங்கிட்டயுமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். அப்பா எந்த வேலை செய்கிறார் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. என்னைத்தான் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார். அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவருடைய அம்மாவிடம் இருவரும் சேர்ந்து போய்ச் சொன்னோம். முகம் சுருங்கிவிட்டது. "நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா" என்றார். அவருடைய பெரியப்பா வீட்டார் வரமாட்டார்களாம். அறுபது பேர் நாற்பத்தொன்று ஆகிவிட்டது. செலவு குறைந்தது என்று நீ சிரித்தால் நானும் சிரிப்பேன்.

பேக்கரியிலேயே வை. கோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்.

ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை. உன் படிப்பு. அப்பாவைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, இன்னொரு பொய்யையும் ஒப்புக்கொள்ளத் தைரியம் வரவில்லை. அதை விட்டுவிடு. அந்தக் கூட்டத்தில் உன்னிடம் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? நீ உள்ளே இருந்துகொள்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை மேல் அறையில் ஒரு தடவை படித்துவிட்டு, கடைசிப் பத்தியை மடித்துவைத்துக்கொண்டு, மீதியைக் கீழே போய் மேசையில் படித்தேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் வராத கோபம். "யாரு இவளைச் சொல்லச் சொன்னது? நான் இப்பதான் விலையெல்லாம் மனப்பாடம் பண்ணி முடிச்சேன்" என்று கத்தினார். "பிஸ்கட்டு, பன்னு, பெரிய ரொட்டி, சின்ன ரொட்டி, எல்லாம்!" முதலாளி, "சரிய்யா, வேணும்னா இன்னும் ரெண்டு நாளைக்கு உக்காந்துக்கோ" என்றார்.

அப்பா கோட்டைக் கழற்றி மடிப்புக் கலையாமல் நாற்காலியில் போட்டார். பிறகு ஏப்ரனை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டார். அன்று முழுக்க அப்படியே வேலை செய்தார். நானும் சொல்லவில்லை, முதலாளியும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஏணி கேட்டார். முட்டி வலி இருக்கிறதே என்றேன். "நாப்பத்தோரு பேர் வராங்க, சுவரு இந்த லட்சணத்துல இருந்தா என்ன நினைப்பாங்க?" என்றார். கீழ்ப்பாதி அவர், மேல்பாதி நான் என்று பிரித்துக்கொண்டோம். அடுப்பின் முகத்தைச் சுற்றி மட்டும் வெள்ளை அடிக்க விடவில்லை. அது கறுப்பாகத்தான் இருக்க வேண்டுமாம்.

நீ முந்தைய நாளே வந்துவிடு. கேக்கின் மேல் என்ன எழுதுவது என்று கேட்கிறார்.

பூனை


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கிளம்பிப் போன பிறகு எல்லாத் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். தையல்காரர் நாற்காலியை எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேற்றிலிருந்து வழக்கம் போல அடுப்பு எரிகிறது. அப்பா நன்றாக இருக்கிறார், மாப்பிள்ளை நான்கு பன் சாப்பிட்டதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார். மூன்றா நான்கா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நீ பார்க்காத ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். இதைத் தனியாகவே படி, எல்லாரோடும் படி, உன் இஷ்டம்.

நீங்கள் இருவரும் வாசலில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தீர்கள். முதலாளி எல்லாரையும் தள்ளித் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார். நான் நீ சொன்னபடி உள்ளேயே இருந்தேன், டீ ஊற்றிக்கொண்டு. உன் மாமியார் தனியாக உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார். அதன் வாய்க்குள் குனிந்தே பார்த்தார். அப்பா பக்கத்தில் நின்று, "தொடாதீங்க, இன்னும் சூடு இருக்கும்" என்றார். அவர் கையை இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீதானே சின்னவ? காலேஜ்ல என்னம்மா படிக்கிறே?"

தலையை ஆட்டிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். கூச்ச சுபாவம் என்று விட்டிருப்பார். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், ஆனால் அவர் காதுதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கெட்டிலை மேசையில் வைத்தேன். கையில் ஏதாவது இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

"இல்லீங்க அத்தை. நான் படிக்கல. ஒம்பதாவதோட நின்னுட்டேன். இங்கதான் அப்பாகூட வேலை செய்யறேன். அக்கா சொன்னது நெசமில்ல."

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. வாசலில் கேட்டிருக்குமோ என்று பயந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நீ எழுதியிருந்தாயே, கண்ணை எடுக்காமல், அப்படித்தான். அதற்குள் நான் மனத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். அவர் வெளியே போகிறார், மகனைக் கூப்பிடுகிறார், எல்லாரும் வண்டியில் ஏறுகிறார்கள், கேக் வெட்டாமலே கிடக்கிறது.

"அப்படியா" என்றார்.

அக்கா, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நீ ஒரு வருடம் பயந்திருக்கிறாய், அப்பா கோட்டுப் போட்டுப் பழகியிருக்கிறார். அவருக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் ஏதாவது கேட்பார், கேட்கட்டும். நீ பதில் சொல்லிக்கொள்.

அப்பா துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த இடத்தையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

உன் மாமியார் ஒரு நாற்காலியை இழுத்து அடுப்புக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். வெளியே குளிர் என்றார். பிறகு டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. இந்தத் தடவை சர்க்கரை கம்மியா."

ஊற்றினேன்.

பூனை